திருவாதவூர்: திருவிழாவில் வாங்கிய வெள்ளித் துப்பாக்கிக்கு என்ன கலர் அடிக்கலாம்?

மதுரை மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினால் ஒத்தக்கடை வரைக்கும் யானைமலை கூடவே வரும். ஒத்தக்கடையில் பெரிய ரோட்டை விட்டுத் திரும்பி, திருமோகூர் காளமேகப் பெருமாள் கோயிலைத் தாண்டினால் வயல், கண்மாய், பனைமரம். இன்னும் கொஞ்ச தூரம் போனால் திருவாதவூர். மதுரையிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். மேலூர் பக்கமிருந்து வந்தால் இன்னும் கிட்டம்.

திருவாசகம் தந்த மாணிக்கவாசகர் பிறந்த ஊர் இது. 'வாதவூரர்' என்ற பெயரே இந்த மண் கொடுத்ததுதான். சங்கப் புலவர் கபிலர் பிறந்ததும் இங்கேதான் என்பது மரபு. ஊரின் நடுவே திருமறைநாதர் - வேதநாயகி அம்மன் கோயில். சனி பகவானின் வாத நோய் தீர்ந்த தலம் என்று தலபுராணம் சொல்வதால், கை கால் முடக்கம் என்று வேண்டிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு.

இவ்வளவு பழைய ஊரில் பொம்மைத் துப்பாக்கிக்கு என்ன வேலை? வைகாசி மாதம் வந்து பாருங்கள், புரியும்.

மாம்பழ வாசனையும் வெள்ளிப் பளபளப்பும்

வைகாசித் திருவிழாவில் திருமறைநாதரும் அம்மனும் திருவாதவூரிலிருந்து மேலூருக்கு எழுந்தருள்கிறார்கள். சுற்றுப்பட்டு கிராமமே மேலூரில் திரளும். மாம்பழக் காலம் என்பதால் கை நிறைய மாம்பழம், வழி நெடுக மாங்கொட்டை. அதனாலேயே மக்கள் இதற்கு 'மாங்கொட்டைத் திருவிழா' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

திருவிழா என்றால் கடை. கடை என்றால் வளையல், பலூன், ஊதல். அவற்றுக்கு நடுவே அட்டையில் கட்டித் தொங்கும் துப்பாக்கிகள். கருப்பில் இருக்கும், பச்சையில் இருக்கும். ஆனால் பையன்களின் கண் போய் நிற்பது வெள்ளியாக மின்னும் துப்பாக்கியில்தான்.

"யப்பா... அந்த சில்வர் துப்பாக்கி!"

"போன வருஷம் வாங்குனதே வீட்டுல கெடக்குடா."

"அது வெளுத்துப்போச்சுப்பா!"

எந்த ஊர்த் திருவிழாவுக்குப் போனாலும் காதில் விழுகிற பேச்சுதான் இது. பையன் சொல்வதும் உண்மைதான். இந்த வெள்ளிப் பூச்சு சீக்கிரம் வெளுக்கும். ஒரு மாதம் விளையாடினால் பிடியில் சாம்பல் நிறம் தெரியும். விளிம்பில் உரிய ஆரம்பிக்கும். அப்போதுதான் வீட்டில் யாருக்காவது தோன்றும்: 'ஒரு ஸ்பிரே கேன் வாங்கி அடிச்சா புதுசாயிடுமே!'

ஆகும். ஆனால் எப்படி அடிப்பது என்பதைவிட, என்ன கலர் அடிப்பது என்பதுதான் பெரிய கேள்வி.

அந்தப் பளபளப்பு எங்கிருந்து வருகிறது?

பார்க்க குரோம் மாதிரி இருந்தாலும், பெரும்பாலான பிளாஸ்டிக் பொம்மைகளில் இருப்பது குரோம் அல்ல, அலுமினியம். காற்றை உறிஞ்சி எடுத்த அறைக்குள் அலுமினியத்தை ஆவியாக்குவார்கள். அந்த ஆவி பிளாஸ்டிக் மேல் மெல்லிய படலமாகப் படியும். அது ஒட்டுவதற்காக அடியில் ஒரு பூச்சு, தேயாமல் இருக்க மேலே கண்ணாடி மாதிரி இன்னொரு பூச்சு. நடுவில் இருக்கும் அலுமினியம் தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. கை வியர்வை பட்டு மேல் பூச்சு தேய்ந்ததும் வெள்ளியும் போய்விடும்.

இதில் விலை கூடிய ரகமும் உண்டு. அதன் பெயர் ஏர்சாஃப்ட். 1970-களில் ஜப்பானில் தொடங்கிய விளையாட்டு இது. நிஜத் துப்பாக்கியின் அதே அளவு, அதே வடிவம். சில மாடல்களில் எடைகூட அதேதான். உள்ளே இருப்பது மட்டும் 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் உருண்டை. சிலவற்றில் மேல் பாகம் உலோகம், அதன் மேல் நிஜமான முலாம். குறும்படம் எடுக்கும் பையன்கள் தேடிப்போவது இந்த மாதிரித் துப்பாக்கியைத்தான். கேமரா முன்னால் குரோம் பூச்சு கண்ணாடி மாதிரி வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். லைட்டும் தெரியும், கேமராமேனும் தெரிவார். அதனால் உடனே ஒரு யோசனை வரும்: 'மினுமினுப்பு இல்லாத கருப்பு அடிச்சிட்டா அசல் மாதிரியே இருக்கும்ல?'

அசல் மாதிரியே இருக்கும். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. அது என்ன ஆபத்து என்று புரிய, திருவாதவூர்க்காரர் ஒருவரின் கதையைக் கேட்க வேண்டும்.

அசல் மாதிரியே இருந்த குதிரைகள்

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். அரிமர்த்தன பாண்டியனின் அமைச்சர் வாதவூரர். குதிரை வாங்கி வரச் சொல்லி மன்னர் கொடுத்த பொன்னைத் திருப்பெருந்துறையில் கோயில் பணிக்குச் செலவழித்துவிட்டார். இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோயில்தான் அந்தத் திருப்பெருந்துறை. 'குதிரை எங்கே?' என்று மன்னர் கேட்டபோது, காட்டில் திரிந்த நரிகளை இறைவன் குதிரைகளாக்கி, தானே குதிரை வணிகனாக மதுரைக்கு ஓட்டி வந்தார்.

நடை, உயரம், பிடரி எல்லாம் அசல். மன்னர் பார்த்தார், மகிழ்ந்தார், லாயத்தில் கட்டச் சொன்னார். ராத்திரி ஆனதும் குதிரைகள் மறுபடி நரிகளாகி, லாயத்தில் இருந்த பழைய குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடிப்போயின.

அடுத்து நடந்ததைத்தான் கவனிக்க வேண்டும். தண்டனை நரிக்கு இல்லை, குதிரை ஓட்டி வந்த வணிகனுக்கும் இல்லை. வாதவூரரைப் பிடித்து வைகை மணலில் சுடுவெயிலில் நிற்க வைத்தார்கள். பிறகு வைகை பெருகியது. வந்தியின் புட்டுக்கு மண் சுமக்க வந்த கூலியாளாக இறைவன் நின்றார். மன்னரின் பிரம்படி அவர் முதுகில் விழுந்தபோது ஊரில் இருந்த ஒவ்வொருவர் முதுகிலும் விழுந்தது, மன்னர் முதுகு உட்பட.

பக்தர்களுக்கு இது திருவிளையாடல். உலக வழக்கோடு பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது. போலி ஒன்று அசல் மாதிரியே இருந்துவிட்டால், அதனால் வரும் அடி யார் மேல் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இரண்டு நொடி

2014 நவம்பர் 22. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரம். ஒரு பூங்காவில் 12 வயதுச் சிறுவன் டாமிர் ரைஸ் கையில் ஒரு ஏர்சாஃப்ட் துப்பாக்கியோடு விளையாடிக்கொண்டிருந்தான். அமெரிக்காவில் 1989 முதல் பொம்மைத் துப்பாக்கிகளின் முனையில் ஆரஞ்சு நிற அடையாளம் இருக்க வேண்டும் என்பது சட்டம். அவன் வைத்திருந்த துப்பாக்கியில் அந்த ஆரஞ்சு முனை இல்லை. பார்க்க அசல் போலவே இருந்தது.

யாரோ ஒருவர் போலீஸுக்கு போன் செய்தார். 'அநேகமாக அது போலியாக இருக்கும், அவன் சின்னப் பையனாக இருக்கலாம்' என்றும் அந்த போனில் சொன்னார். அந்தத் தகவல் ரோந்தில் இருந்த போலீஸ்காரர்களுக்குப் போய்ச் சேரவில்லை. கார் வந்து நின்ற இரண்டு நொடிக்குள் ஒரு போலீஸ்காரர் சுட்டார். மறுநாள் சிறுவன் இறந்துபோனான்.

அந்த மரணத்தில் தவறு யார் மேல் என்று அமெரிக்கா வருஷக்கணக்கில் விவாதித்தது. பெற்றோர்கள் கவனிக்க வேண்டியது, விரலளவு இருக்கும் அந்த ஆரஞ்சு முனையை. அதைப் பிடுங்குவதும் அதன் மேல் கருப்பு அடிப்பதும் அழகு பார்க்கிற வேலை இல்லை. 'இது விளையாட்டுச் சாமான்' என்று தூரத்தில் இருப்பவருக்குச் சொல்லும் ஒரே சொல்லை அழிக்கிற வேலை.

மற்ற நாடுகள் இந்த விஷயத்தை வண்ணத்தாலேயே பிடித்திருக்கின்றன. ஜப்பானில் 1971-ல் வந்த சட்டத் திருத்தம், உலோகத்தில் செய்த மாதிரிக் கைத்துப்பாக்கிகள் வெள்ளை அல்லது மஞ்சள் நிறத்தில் இருக்க வேண்டும், குழல் அடைத்திருக்க வேண்டும் என்றது. பிரிட்டனில் 2006-ம் ஆண்டுச் சட்டம் அசல் போன்ற போலித் துப்பாக்கி விற்பனையைக் கட்டுப்படுத்தியது. சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, பிங்க், ஊதா, நீலம் என்று பளிச்சென்ற நிறங்களில் இருந்தால் அது அசல் போன்றதாகக் கருதப்படாது.

இந்தப் பட்டியலில் வெள்ளிப் பளபளப்பு இல்லை. நிஜத் துப்பாக்கியிலும் குரோம், நிக்கல் பூசியவை உண்டு என்பதால், 'கருப்பு இல்லையே, சில்வர்தானே' என்று நிம்மதியாக இருக்க முடியாது.

மண் குதிரை காட்டும் வழி

அப்படியானால் என்ன கலர்? அதற்கும் இந்த வட்டாரத்திலேயே பதில் இருக்கிறது.

மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் புரவி எடுப்பு நடக்கும். குயவர்கள் களிமண்ணில் செய்து சுட்ட குதிரைகளை ஊர்மக்கள் தோளில் சுமந்துபோய் அய்யனார் கோயிலில் வைப்பார்கள். வெள்ளை உடம்பு, சிவப்புச் சேணம், நீலமும் மஞ்சளுமாக மாலையும் மணியும், உருட்டி வரைந்த கண். இதைப் பார்த்து நிஜக் குதிரை என்று யாரும் ஏமாறுவதில்லை. அதனால் அதற்கு மரியாதையும் குறைவதில்லை.

வாதவூரர் கதையில் வந்தது அசலென்று நம்ப வைத்த குதிரை. அய்யனார் கோயிலில் நிற்பது 'நான் மண் குதிரை' என்று வண்ணத்திலேயே சொல்கிற குதிரை. திருவிழாத் துப்பாக்கிக்குப் பெயிண்ட் அடிக்கும்போது பின்பற்ற வேண்டியது இரண்டாவது குதிரையை.

மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் அடித்த சிவப்பு, நீலம், பச்சை பெயிண்ட்டில் கொஞ்சம் பல வீடுகளில் பரணில் மிச்சம் இருக்கும். அதே நிறங்கள் போதும். குழந்தை கையில் எடுக்கும் சாமான் என்பதால் டப்பாவை மட்டும் பார்த்து எடுங்கள். வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் 90 பி.பி.எம். அளவைத் தாண்டக்கூடாது என்று இந்தியாவில் 2016-ல் விதி வந்தது. லேபிளே இல்லாத பழைய டப்பா வேண்டாம்.

வீட்டிலேயே அடிக்க...

1. முதலில் துப்பாக்கியில் உருண்டை மிச்சம் இருக்கிறதா என்று பார்த்து எடுத்துவிடுங்கள். பேட்டரி இருந்தால் அதையும் கழற்றுங்கள். ஸ்பிரிங் உள்ள பாகத்தைப் பிரிக்க வேண்டாம்; தெறித்தால் கண்ணில் படும்.

2. பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவி நன்றாகக் காய விடுங்கள். உள்ளே தண்ணீர் போகக்கூடிய மாடல் என்றால் ஈரத்துணியால் துடைத்தாலே போதும். எண்ணெய்ப் பசையும் மாம்பழப் பிசுக்கும் இருந்தால் எந்தப் பெயிண்ட்டும் நிற்காது.

3. பளபளப்பு முழுக்க மங்கும்வரை 400 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். பிறகு 600 நம்பர். அவசரப்படுகிறவர்கள் விடுவது இந்தக் கட்டத்தைத்தான். கண்ணாடி மாதிரி வழவழப்பான பரப்பில் பெயிண்ட்டுக்குப் பிடிமானம் கிடையாது; நகத்தால் கீறினாலே தோல் மாதிரி உரிந்து வரும்.

4. தின்னரில் முக்கித் துடைக்காதீர்கள். பல பிளாஸ்டிக்குகள் தின்னரில் இளகிப் பிசுபிசுத்துவிடும்.

5. ஆரஞ்சு முனை இருந்தால் அதை மாஸ்கிங் டேப் ஒட்டி மூடுங்கள். இல்லை என்றால் கடைசியில் நீங்களே ஆரஞ்சு அடிக்க அந்த இடத்தை விட்டுவையுங்கள். உருண்டை வரும் துவாரம், விசை, நகரும் இடுக்கு எல்லாவற்றுக்கும் டேப் வேண்டும்.

6. பிளாஸ்டிக்குக்கு ஏற்ற பிரைமர் ஒரு கோட். உலோக பாகம் என்றால் உலோகத்துக்கான பிரைமர். அது காய்ந்த பிறகு கலர். ஸ்பிரே கேனை ஓர் அடிக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் பிடித்து, மெல்லிசாக மூன்று கோட் அடிக்க வேண்டும். ஒவ்வொரு கோட்டுக்கும் இடையே கேனில் போட்டிருக்கும் நேரத்தை விடுங்கள். ஒரே கோட்டில் மூடப் பார்த்தால் வழிந்து நிற்கும்.

7. ஒரு முழு நாள் தொடாமல் காய விடுங்கள். வாசனை போகும்வரை குழந்தை கையில் கொடுக்க வேண்டாம்.

ஒரு விஷயம் மதுரைக்காரர்களுக்காக. வைகாசி உச்சி வெயிலில் மொட்டை மாடியில் நின்று ஸ்பிரே அடித்தால், பெயிண்ட் பொருளில் படுவதற்குள் காற்றிலேயே காய்ந்து பொடிப்பொடியாக ஒட்டும். காலை ஏழு, எட்டு மணிதான் சரி. காற்றோட்டம் வேண்டும், ஆனால் காற்று அடிக்கக் கூடாது. முகத்தில் மாஸ்க், பக்கத்தில் அடுப்போ விளக்கோ இல்லாத இடம். அடித்து முடித்த கேனை வெயிலில் போட்டு வைக்காதீர்கள், வெடிக்கும்.

பிள்ளைகளிடம் ஒரு பாகத்தையாவது விட்டுவிடுங்கள். தரமான பெயிண்ட், ஒரு பிரஷ், பிடியில் அவர்களுக்குப் பிடித்த கோலமோ மாட்டுத் தலையோ. தான் வரைந்த துப்பாக்கியைக் கருப்பாக்கச் சொல்லி எந்தப் பிள்ளையும் கேட்காது.

மிச்ச பெயிண்ட்டோடு மலை ஏறாதீர்கள்

திருவாதவூர் வந்தவர்கள் ஓவாமலையைப் பார்க்காமல் போகக்கூடாது. ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கும் பாறைக் குன்று. இங்கே சமண முனிவர்கள் தங்கிய குகைத்தளமும், 2,000 ஆண்டுகளுக்கு மேல் பழமையான தமிழ்ப் பிராமி எழுத்துகளும் இருக்கின்றன. பெயிண்ட் இல்லாமல், முலாம் இல்லாமல், உளியால் வெட்டிய எழுத்து இன்னும் நிற்கிறது.

மதுரையைச் சுற்றியுள்ள பல குன்றுகளில் வந்தவர்கள் தங்கள் பெயரையும் காதலி பெயரையும் ஸ்பிரே பெயிண்ட்டில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதைச் சுரண்டினால் பழைய எழுத்தும் சேர்ந்து சிதையும். பெயிண்ட் எங்கே அடிக்கலாம், எங்கே கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க இந்தக் குன்றைவிட நல்ல வகுப்பறை கிடைக்காது.

வாங்கும் முன், கிளம்பும் முன்

பொம்மை வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள். 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் அது கட்டாயம். ஏர்சாஃப்ட், ஏர்கன் பக்கம் போகிறவர்கள் 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தையும் 2016-ம் ஆண்டு விதிகளையும் தெரிந்துகொண்டு போவது நல்லது. காற்றுத் துப்பாக்கிகளுக்கு விதி இருக்கிறது. துப்பாக்கி மாதிரிகளைப் பற்றியும் அந்த விதிகள் பேசுகின்றன. சந்தேகம் இருந்தால் போலீஸ் ஸ்டேஷனில் கேட்டுவிட்டு வாங்கலாம். குறும்படம் எடுப்பவர்கள் தெருவிலோ பஸ் ஸ்டாண்டிலோ துப்பாக்கியோடு காட்சி வைத்தால், முன்கூட்டியே ஸ்டேஷனில் சொல்லி அனுமதி வாங்குங்கள். படம் முடிந்ததும் துப்பாக்கி பைக்குள் போய்விட வேண்டும்.

திருவிழா முடித்து வெளியூர் திரும்புகிறவர்கள் மதுரை விமான நிலையம் வழியாகப் போவதாக இருந்தால், பொம்மைத் துப்பாக்கியைக் கைப்பையில் வைக்காதீர்கள். சோதனையில் நிறுத்திவிடுவார்கள்.

இன்னொன்று கண். 6 மில்லிமீட்டர் உருண்டை சின்னதுதான், கண்ணின் முன்பக்கத்தை நாசமாக்க அது போதும். விளையாடினால் கண்ணாடி மாட்ட வேண்டும், முகத்தை நோக்கிப் பிடிக்கக் கூடாது. அடிபட்டால் கசக்காமல், அழுத்தாமல் உடனே கண் மருத்துவரிடம் போக வேண்டும். அரவிந்த் கண் மருத்துவமனை 1976-ல் தொடங்கிய ஊர் மதுரை, வைத்தியத்துக்குக் குறைவில்லை. ஆனால் போன பார்வை எல்லா நேரமும் திரும்பி வருவதில்லை.

ஆவணியில் மறுபடியும்

வைகாசியில் விட்டால் ஆவணியில் வாருங்கள். மீனாட்சி அம்மன் கோயில் ஆவணி மூலத் திருவிழாவுக்காகத் திருவாதவூரிலிருந்து மாணிக்கவாசகர் மதுரைக்குப் புறப்படுவார். நரியைப் பரியாக்கிய லீலை அங்கே ஒரு நாள் நடக்கும், புட்டுக்கு மண் சுமந்த லீலை இன்னொரு நாள். பாட்டிகள் பேரப்பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு கதை சொல்வார்கள்.

"அந்த நரியைப் பாத்து ராஜா ஏமாந்துட்டாரா அப்பத்தா?"

"ஆமய்யா. அசல் குதிரை மாதிரியே இருந்துச்சுல்ல!"

அந்த நேரத்தில் பேரன் இடுப்பில் ஒரு துப்பாக்கி செருகியிருந்தால், அது கொம்பு பெயிண்ட் சிவப்பிலும் நீலத்திலும், முனையில் ஆரஞ்சோடும் இருக்கட்டும். தெருமுனையில் நிற்கும் போலீஸ்காரர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார்.